ஒரு டெராபைட் கூத்து

பட்டுத் தறியில் உட்கார்ந்த ஆளுக்குக் கை, கால், கண் மூன்றும் வேலையில் இருக்கும். கால்கள் குழிக்குள் மிதிபலகையில். ஒரு கை நாடாவை விரட்டும், இன்னொரு கை அச்சை இழுத்து அடிக்கும். எந்த இழை அறுந்தது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். எங்கள் ஆரணியில் தறி போட்ட வீடுகளில் எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம். நான் சிறுவனாக இருந்தபோது இலங்கை வானொலி, பிறகு விவித் பாரதி. தெருக்கோடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தால், ஒரு வீட்டில் தொடங்கிய பாட்டின் அடுத்த வரி பக்கத்து வீட்டில் கேட்கும். நம் வீட்டு வாசலை மிதிக்கும்போது பாட்டு முடிந்திருக்கும். ஒரு வரிகூட விட்டுப்போகாது.

அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இன்னும் நெய்கிறார். முன்பு போல நாள் முழுக்க இல்லை. காலையில் நாலு மணி நேரம், சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்வரை. வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார். பாட்டில்லாமலும் நெய்ய மாட்டார்.

நான் சென்னைக்கு வேலைக்குப் போன புதிதில், அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, பாட்டுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் போன் வந்தது.

"இன்னாடா இது, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக்கினே இருக்காரு, நடுவுல ஒரு பொம்பள வந்து கடன் வாங்கிக்கச் சொல்லுது?"

விளம்பரம் வேண்டாம் என்றால் மாதாமாதம் பணம் கட்டலாம். அதைக் கட்டினேன். ஆனால் அப்பாவின் தகராறு விளம்பரத்தோடு மட்டும் இல்லை. தறியில் இருக்கும்போது போனைத் தொட முடியாது. பாவில் கை வைத்த ஆள் வேர்வைக் கையோடு கண்ணாடித் திரையைத் தேய்த்துவிட்டு மறுபடி பட்டிழையைத் தொட முடியுமா? அது போக, செயலி தானாக ஒரு பாட்டுக்குப் பின் இன்னொரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும். டி.எம்.எஸ்ஸில் ஆரம்பித்து மூன்றாவது பாட்டில் குத்துப் பாட்டில் போய் நிற்கும். குழியை விட்டு எழுந்து வந்து மாற்ற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இது பெரிய பயணம்.

செயலிகள் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. புதுப் பாட்டு வெளிவந்த நிமிடமே கேட்க அவை போதும். ஆனால் அவற்றில் இருப்பது நம் பாட்டு இல்லை, வாடகைப் பாட்டு. உரிமைப் பேச்சு முறிந்தால் பாட்டு மறைந்துவிடும். சில நேரம் கடையையே மூடிவிடுவார்கள். 2024-ல் விங்க் மியூசிக் செயலியை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தபோது, அதில் வருஷக்கணக்காகப் பட்டியல் போட்டு வைத்திருந்த என் அலுவலக நண்பர் பேயறைந்த மாதிரி இருந்தார்.

வீட்டிலோ நிறைய சொந்தப் பாட்டு இருந்தது. அப்பா காசு கொடுத்து வாங்கிய கேசட்டுகள், நான் வாங்கிய சி.டி.க்கள். இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் ஏற்றுவதற்காக 2017 பொங்கலுக்கு முன் ஒரு டெராபைட் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். நாலாயிரத்துச் சொச்சம். சட்டைப்பையில் போடலாம் போலிருந்தது. கம்ப்யூட்டரில் சொருகியதும் 931 ஜிபி என்று காட்டியது. பக்கத்தில் நின்ற மச்சான், "ஏமாத்திட்டான் பாரு" என்றார். ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024, 1024-ஆக எண்ணுகிறது. பட்டணம் படிக்கும் நம்மூர்ப் படிக்கும் இருந்த வித்தியாசம் மாதிரிதான். ஒரு பாட்டுக்கு 5 எம்பி என்று வைத்தால் இதில் இரண்டு லட்சம் பாட்டு கொள்ளும். ராப்பகலாக ஓடவிட்டாலும் முடிய இரண்டு வருஷம் ஆகும்.

ஒரு சின்ன விஷயம். ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டபோது, அதில் இரண்டடி அகலத் தட்டுகள் 50 இருந்தன. பீரோவைவிடப் பெரிய அந்தப் பெட்டியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பி. அதாவது, ஒரே ஒரு பாட்டு.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. "உள்ள இன்னா இருக்குது? ஓட்டையா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் ஜக்கார்டு அட்டையைச் சொல்கிறார். தறிக்கு மேல் மாலை மாலையாகத் தொங்குமே, துளை போட்ட அட்டைகள், அவைதான் சேலையின் முந்தியையும் பார்டரையும் நினைவில் வைத்திருப்பவை. அட்டையில் துளை இருந்தால் அந்தக் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804 வாக்கில் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் பின்னால் கணக்குப் பொறி செய்தவர்கள் துளையட்டைக்கு வந்தார்கள். ஹார்டு டிஸ்க்கில் துளைக்குப் பதில் காந்தப் புள்ளி. "அப்ப இது அட்டைப் பெட்டிதான்" என்று முடித்துவிட்டார் அப்பா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதன் பெயர் அட்டைப் பெட்டி.

அட்டைப் பெட்டியை நேராகத் தறி வீட்டு ஆம்பிளிஃபயரில் சொருகி ஓடவிடலாம் என்றுதான் முதலில் திட்டம். ஆனால், இந்த வகை டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்கிறது. அதன் மேல், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், படிக்கும் ஊசி மிதக்கிறது. தொட்டால் போச்சு. தறி வீட்டில் தரை சும்மா இருக்குமா? அச்சை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். பக்கத்து வீட்டில் விசைத்தறி வேறு. அது ஓடும்போது சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை தெரியும். போதாக்குறைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு இந்த இரண்டுமே ஆகாது.

அதனால் வழக்கத்தை மாற்றினோம். நெல்லுக்குக் குதிரும் படியும் இருக்கிற மாதிரி. டிஸ்க் குதிர். அது பீரோவில் இருக்கும். படி ஒரு 32 ஜிபி பென் டிரைவ். அதற்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. தறி அதிர்ந்தாலும் கரண்ட் போனாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் குதிரைத் திறந்து, அப்பா கேட்கிற பாட்டை அளந்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன். காலைக்கு ஒரு ஃபோல்டர், சாயந்திரத்துக்கு ஒரு ஃபோல்டர். ஆம்பிளிஃபயரைப் போட்டால் அது பாட்டுக்கு ஓடும், யாரும் எழுந்து வர வேண்டாம்.

வெளியூர்ப் பயணத்துக்கும் இதே கதைதான். ஆரணியிலிருந்து சென்னை வர பஸ்ஸில் நாலு மணி நேரம். அம்மா கட்டிக் கொடுத்த அரிசிப் பைக்கும் புளி டப்பாவுக்கும் நடுவில், பழைய வேட்டியில் சுற்றிய டிஸ்க் தூங்கிக்கொண்டு வரும். அதை வழியில் எழுப்ப மாட்டேன். கேட்பதற்கான பாட்டு போனின் மெமரி கார்டில் இருக்கும்.

காரில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தங்கை கல்யாணத்துக்கு எடுத்த வாடகைக் காரில் மச்சான் டிஸ்க்கையே சொருகிப் பார்த்தார். விளக்கு எரிந்தது, பாட்டு வரவில்லை. டிரைவர் தன் பிளேயர் மட்டம் என்று நினைத்து வருத்தப்பட்டார், பாவம். பல கார்களின் யு.எஸ்.பி. துளை தருகிற மின்சாரம் இந்தத் தட்டைச் சுழற்றக் காணாது. அப்படியே சுழன்றாலும், பழைய பிளேயர்கள் பல ஃபேட் 32 என்ற முறையில் ஒழுங்கு செய்த சாதனத்தை மட்டும்தான் படிக்கும். பெரிய டிஸ்க்குகள் கடையிலிருந்து வரும்போதே வேறு முறையில் இருக்கும். போனில் ஓ.டி.ஜி. ஒயர் போட்டுச் சொருகினாலும் இதே சிக்கல் வரலாம். காருக்கு, டீக்கடைக்கு, கல்யாண வீட்டுக்கு எல்லாம் பென் டிரைவ் போதும். குதிரைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது சினிமாப் பாட்டுக்கான ஏற்பாடு. அவை தொலைந்தாலும் வேறு எங்காவது கிடைத்துவிடும். எங்கள் டிஸ்க்கில் வேறெங்கும் கிடைக்காத ஒரு ஃபோல்டர் உண்டு. மொத்த இடத்தில் நூற்றில் மூன்று பங்கு. அதற்குப் பெயர் 'பெரியப்பா'.

பெரியப்பா கூத்தாடி. எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைச் சிலர் ஏசுவதற்கும் பயன்படுத்துவார்கள். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. கூத்து இல்லாத மாதங்களில் தறி, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் மாதங்களில் கூத்து. அவருக்குப் பெண் வேஷம். திரௌபதியாக அவர் வந்து நின்றால் முன் வரிசைக் கிழவிகள் எழுந்து கும்பிடுவார்களாம். செய்யாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் புரிசையைப் பலரும் அறிந்திருப்பீர்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து நா.முத்துசாமியின் கூத்துப்பட்டறை கற்றுக்கொண்டது நிறைய. பெரியப்பாவின் ஜமா அப்படி ஊரறிந்தது இல்லை. போளூர், சேத்துப்பட்டு, தேவிகாபுரம், கண்ணமங்கலம் இந்த வட்டத்துக்குள்ளேயே ஆடி முடிந்துபோன ஜமா. அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை, ரெக்கார்டு போடவில்லை.

அப்பா மட்டும் பதிவு செய்தார். 1986-லிருந்து 1994 வரை, அண்ணன் ஆடுகிற ஊருக்கெல்லாம் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போவார். தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகிறவரை நடக்கும் கூத்துக்கு, 45 நிமிடத்துக்கு ஒருமுறை தூங்காமல் இருந்து பக்கம் மாற்ற வேண்டும். பகலில் தறி, ராத்திரி இந்த வேலை. மிச்சமிருந்தவை 32 கேசட்டுகள். பெரியப்பா 2009-ல் போய்விட்டார்.

டிஸ்க் வாங்கிய வருஷம்தான் இந்தக் கேசட்டுகளை எடுத்தோம். டூ-இன்-ஒன்னின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான் கருவி. ஆனால் குறுக்கு வழி கிடையாது. 45 நிமிடப் பக்கம் கம்ப்யூட்டருக்குள் போக 45 நிமிடமே ஆகும். 32 கேசட்டுக்கு 48 மணி நேரம். மூன்று கேசட்டில் டேப்பை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. வேறு கூட்டைத் திருகு கழற்றி, டேப்பை அதற்குள் மாற்றினோம். ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மயிரிழை அளவு திருப்பினால், போர்வைக்குள் பாடிக்கொண்டிருந்தவர் போர்வையை விலக்கினது போல் குரல் வெளியே வரும். அந்தத் திருகைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் பஜாரில் ஒரு காலத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவர். பின்னால் அதே கடையில் மெமரி கார்டில் முப்பது ரூபாய்க்குப் பாட்டு ஏற்றித் தந்தார். பாடினவருக்குப் பைசா போகாத வியாபாரம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது அங்கே ரீசார்ஜும் கவரிங் நகையும்.

கேசட்டின் இரைச்சலை மென்பொருளால் எடுக்கலாம். எடுத்துப் பார்த்தோம். இரைச்சலோடு முகவீணையின் நுனியும் சேர்ந்து போய்விட்டது. கூடவே ஜெனரேட்டர் சத்தம், குழந்தை அழுகை, சுண்டல் விற்கிறவரின் குரல் எல்லாம் மங்கிவிட்டன. அவை இல்லாமல் அது எந்த ஊர்க் கூத்து? மூலத்தைச் சுருக்காமல் அப்படியே வைத்தேன். சுமார் 30 ஜிபி வந்தது. போனில் கேட்க மட்டும் தனியாக எம்பி3.

உண்மையான வேலை அதற்கு மேல்தான் இருந்தது. முக்கால்வாசி கேசட்டின் லேபிளில் மை வெளுத்துப் போயிருந்தது. எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் கூத்து? இதை எந்த மென்பொருளும் சொல்லாது. அப்பா தறியில் இருந்து இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது தேவிகாபுரம். மத்தளம் அடிக்கிறவருக்கு அன்னிக்கி ஜுரம். அதான் கை தளர்ந்து கெடக்குது பாரு."

"இது அர்ச்சுனன் தபசு. மழை வந்துச்சி. இன்னும் கொஞ்ச நேரத்துல கூரையில விழும்."

சொன்னபடியே விழுந்தது. ஒரு கேசட்டில், பாட்டு உச்சத்தில் போகும்போது மைக்குக்கு மிக அருகில் ஓர் இளைஞனின் குரல்: "டேய், டார்ச்சைக் காட்டு, தீரப்போவுது." அப்பாவின் குரல்தான். இப்போதைய என்னைவிடச் சின்ன வயசு. அப்பா அதைக் கேட்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். இப்படி மூன்று மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். 32-ல் 29-க்குப் பெயர் வைத்தோம். மூன்றுக்கு அப்பாவாலும் சொல்ல முடியவில்லை. அவை 'ஊர் தெரியாது 1, 2, 3' என்றே இருக்கின்றன. அந்த ஜமாவில் உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவருக்குக் காது கேட்காது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த அந்த ஃபோல்டரை, பென் டிரைவில் போட அப்பா இன்றுவரை விட்டதில்லை. ஒருமுறை நானாகப் போட்டு வைத்திருந்தேன். காலையில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. இழை அறுந்திருக்கும் என்று போய்ப் பார்த்தேன். கை நாடாக் கயிற்றில், கால் மிதியில், அப்படியே உட்கார்ந்திருந்தார். பெரியப்பா துகிலுரி பாடிக்கொண்டிருந்தார்.

"எடுத்துடு. அது ஓடினா கை நிக்குது" என்றார். எடுத்துவிட்டேன்.

அந்தப் பதிவுகளை யூடியூபில் போடலாமா என்று மிச்சமிருந்த இரண்டு பேரிடமும் கேட்டோம். ஒருவர் தாராளமாகப் போடு என்றார். காது கேட்காதவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். காரணம் கேட்டதற்கு, "அது கோயில்ல ஆடினது" என்று மட்டும் சொன்னார். எனக்கு முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் குரல், அவர்கள் பேச்சு. போடவில்லை.

பெரியப்பாவின் மகள், எங்கள் அக்கா, வந்தவாசியில் இருக்கிறார். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் அவரைப் 'பொம்பள வேஷக்காரர் பொண்ணு' என்று கேலி செய்வார்கள். அதனாலேயே அப்பா ஆடும் கூத்துக்கு ஒருநாளும் போய் உட்கார்ந்ததில்லை. கோயிலில் கூத்து என்றால் அன்று வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாராம். டிஸ்க்கில் பதிவு இருக்கிறது என்று சொன்னபோதும் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து, மகன் கல்லூரியில் சேர்ந்த பிறகு, "தம்பி, அதுல ஒண்ணு அனுப்பறியா" என்று கேட்டார். ஒரு பக்கத்தை மட்டும் எம்பி3-யாக அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்ப அழைத்தார்.

"நடுவுல ரெண்டு வாட்டி இருமுறார் பாரு, அதை எடுத்துடாத. வீட்டுலயும் அப்படித்தான் இருமுவாரு."

அதன் பிறகு முழு ஃபோல்டரும் அவருக்கு வேண்டும் என்றார். எனக்கும் அதுவே தேவைப்பட்டது. ஒரே டிஸ்க்கில் இருப்பதை 'இருக்கிறது' என்று சொல்ல முடியாது. சுழலும் எந்தத் தட்டும் ஒருநாள் நிற்கும். எப்போது என்று சொல்லிவிட்டு நிற்காது. இப்போது மூன்று பிரதிகள்: ஒன்று ஆரணி பீரோவில், ஒன்று என்னோடு சென்னையில், ஒன்று வந்தவாசியில் அக்கா வீட்டு அரிசி டிரம்முக்கு மேல் அலமாரியில். வெள்ளமோ தீயோ மூன்று ஊருக்கும் ஒரே நாளில் வராது என்ற கணக்கு. 2017-ல் வாங்கிய முதல் டிஸ்க்கை, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 2023-ல் மாற்றிவிட்டேன். எஸ்.எஸ்.டி. வாங்கலாமே என்று கேட்பீர்கள். சுழலும் பாகம் இல்லாத அது தறி வீட்டுக்கு ரொம்பப் பொருத்தம்தான். ஆனால் மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பூட்டி வைப்பதற்கு ஏற்றதல்ல. விலையும் கூடுதல். எங்களுக்கு வேண்டியது பூட்டி வைக்கத்தான்.

பூட்டி வைத்ததைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் இலாகா. பட்டுச் சேலையை ஒரே மடிப்பில் விட்டால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பீரோவைத் திறந்து, சேலைகளை நிழலில் உதறி, மடிப்பை மாற்றி வைப்பார். டிஸ்க்கும் அதே பீரோவில், அதே பருத்தித் துணிக்குள் இருப்பதால், சேலை வெளியே வருகிற அன்று அதுவும் வெளியே வரும். தறி ஓடாத நேரமாகப் பார்த்து, அம்மா என் பழைய லேப்டாப்பில் சொருகி, ஏதாவது நாலு ஃபைலைத் திறந்து, பாடுகிறதா என்று கேட்பார். அதற்குள் அப்பா கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார். போன தடவை மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அம்மா திறந்தது 'ஊர் தெரியாது 2'. கொஞ்ச நேரம் கழித்துத் திண்ணையிலிருந்து குரல் வந்திருக்கிறது.

"களம்பூரு. எழுபத்தி… இல்ல, எண்பத்தி ஒம்போது. எழுதிக்கச் சொல்லு அவனை."